எழுபத்தஞ்சு குறைச்சல்

நல்ல பேய்ப்படம் எங்களுக்குக் கட்டுப்படியாகாது.

முன்ன ஒருதரம் தெரியாத்தனமா
ஒண்ணுல மாட்டிக்கிட்டோம்.
பூட்டின அறைக்குள்ள இருந்து ஒரு பிள்ளை
தண்ணி கேட்டுக்கிட்டே இருந்துது.
வேற ஒண்ணுமே காட்டலை.
நானும் பிரமாச்சி மைனியும்
மடியில சொளவு, கையில இலை,
அப்படியே உறைஞ்சு இருந்துட்டோம்.
மறுநாள் ரெண்டு பேருக்கும் சேர்த்து
இருநூறு பீடி குறைஞ்சுது.

அதுக்குப் பொறவு மைனி
தேடித் தேடித்தான் படம் எடுப்பா.
தெரிஞ்ச மூஞ்சி ஒண்ணும் இருக்கக் கூடாது.
ரத்தம் பீட்ரூட் நிறத்துல இருக்கணும்.
முக்கூடல் மொத்தமும் உறங்கின பொறவு
டிவிச் சத்தத்தைக் குறைச்சு வச்சு
சுத்த ஆரம்பிப்போம்.

பேய் கிட்ட வருமுன்னே கதவு திறந்துக்கிடும்.
பறந்து வாரவ முதுகுல
கயிறு பளபளன்னு மின்னும்.
செத்து நூறு வருசமான ஜமீன்தார் மணிக்கட்டுல
வாட்ச் கட்டின தடம்.
பங்களாச் சுவத்துல இன்வெர்ட்டர்.
நடுக்காட்டுல மந்திரவாதி தீ வளக்கையில
எங்கேயோ ஹாரன் கேக்கும்.
‘ஆலங்குளம் கடைசி பஸ்ஸுட்டி’ம்பா மைனி,
நூலைப் பல்லால கடிச்சுக்கிட்டே.

தலைய விரிச்சுப்போட்டு நடந்து வர ஒரு கட்டு.
செத்த கதையச் சொல்ல மூணு கட்டு.
பாட்டு வந்துட்டா லாபம்.

பயம்னா என்னன்னு எங்களுக்குத் தெரியாதா?
கடையில கணக்கன்
கட்டைப் பிரிச்சு, நுனியத் தட்டி, ஒண்ணொண்ணா உருட்டி
கழிச்சுக் கழிச்சு ஓரமா தள்ளுவான் பாருங்க,
அதுக்குப் பின்னணி இசையே கிடையாது.

போன மாசம் ஒரு படம். பேரு மறந்துட்டு.
மூடிக்கிடக்குத மில்லு, நாலு காலேஜ் பையமாரு,
ஒரு கேமரா, வழக்கம்போல ஒரு மழை.
மழை இவனுவ மேல மட்டும் பெய்யுது,
பின்னால சுவரு காஞ்சு கிடக்கு.
சிரிச்சுக்கிட்டே எட்டாங்கட்டுக்கு வந்துட்டேன்.

அப்பதான் கதவிடுக்குல பேய் கைய நீட்டுச்சு.
கிட்டத்துல காட்டுதான்.
நகத்துல கரி அப்பியிருக்கான்,
மணிக்கட்டுல சிவப்பா என்னமோ ஒழுகுது.
எல்லாம் சரி.
ஆட்காட்டி விரல் நுனியில மட்டும் ஒரு பழுப்பு.
அது அவன் பூசினது இல்லை.
பெருவிரல் நகம் ஒரு பக்கமா தேஞ்சிருக்கு.
நிலையைப் பிடிக்க வந்த விரலு
பிடிக்காம, உள்ளாக்க மடங்கி
இல்லாத இலையைச் சுருட்டுது.

‘நிறுத்து மைனி.’
நிறுத்தினா. பின்னால ஓட்டினா.
திரும்பவும் அந்தக் கை வந்துது.
மைனி எந்திரிச்சுப் போயி
திரைக்குப் பக்கத்துல தன் கையை வச்சுப் பார்த்தா.
டிவி வெளிச்சத்துல ரெண்டும் நீலமா இருந்துது.

பாப்பாக்குடியோ, இடைகாலோ,
எந்த ஊருக்காரியோ.
முகத்துக்கு வேற பிள்ளையப் போட்டிருக்கான்,
நல்ல செவப்பா.
இவ ஒரு நாள் வந்து
கைய மட்டும் குடுத்துட்டுப் போயிருக்கா.
அன்னைக்கு அவ கணக்குப் பீடியை
யாரு சுத்தினாவளோ.

படம் முடிஞ்ச பொறவும் அணைக்கலை.
பேரு போடுததை வாசிச்சோம்.
லைட்டு பிடிச்சவன், சோறு வச்சவன்,
மில்லு சாவி குடுத்த வாட்ச்மேனுக்கு நன்றி.
கைக்குப் பேரு இல்லை.

‘ஆயிரத்துக்கு என்ன தாராவளோ
அதைவிடக் கூடக் கேட்டிருப்பாளா?’ன்னா மைனி.
நான் என்னத்தக் கண்டேன்.
சொளவுல இலை காஞ்சு முறுகிப் போச்சு,
தண்ணி தெளிச்சுத் துணியில பொதிஞ்சு வச்சேன்.

மறுநாள் எழுபத்தஞ்சு குறைச்சல்.
கணக்கன் ஏன்னு கேட்டான்.
கரண்டு போயிட்டுன்னேன்.