எடை

ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி, கட்டுப்போடும் அறை.
நயினார்குளம் மார்க்கெட்டில் மூட்டை தூக்கும்
உச்சிமாகாளியின் குதிகாலில்
ஆணி ஏறி நாலு மாதம்.
ஏறியதே தெரியாதாம்.
சர்க்கரை, வலியையும் தின்றிருந்தது.

சாம்பல்நிறத் துணியைப் பிரிக்கிறேன்.
"இதுல வெள்ளி இருக்காம்லா, சிஸ்டர்?"
இருக்கு. கண்ணுக்குத் தெரியாத பொடி.
கிருமிக்கு மட்டும் தெரியும்.
"எத்தனை கிராம் வரும்?"
எந்தத் தராசும் சொல்லாது என்றேன்.
"அடகுக்கடைக்காரன் சொல்லிட்டான்.
நூத்திப்பத்து."
வாசலைப் பார்த்தார்.
அங்கே நின்றவள் கணுக்காலில்
கொலுசு கிடந்த தடம் மட்டும்
வெளுத்திருந்தது.

ஆறாவது வாரம்,
ஓரத்தில் மாதுளைச் சிவப்பு.
பஞ்சு பட்டதும் காலை வெடுக்கென்று இழுத்தார்:
"யாத்தே, வலிக்கு!"

"வலிக்கா? நெசமாவா?"
ஓடிவந்தாள் அவள்,
சத்தமே இல்லாத கால்களோடு.