பாதையில் சேர்க்கவும்

வின்னிபெக்கில் இரவு பதினொன்றே கால்.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
கார் எஞ்சின் உறையாமலிருக்க
மின்கம்பி செருகியாயிற்று.
மூன்று மணிக்கு உழவு வண்டி ஏற வேண்டும்,
நெல்லுக்கு அல்ல, பெம்பினா சாலைப் பனிக்கு.

அதற்குள் இதை நிறுவியாக வேண்டும்.

ஈரவிறகு என்ற பெயரில் எழுதுகிறவர்
ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் அழிக்கப் போகிறாராம்.
காரணம் சொல்லவில்லை.
ஆணா பெண்ணா, எந்த ஊர், எதுவும் தெரியாது.
தெரிந்தது இவ்வளவுதான்:
விண்கலத் தொடர் ஒன்றில்
இரண்டாம் வாரமே கொல்லப்பட்ட சமையல்காரியை
அறுபத்திரண்டு அத்தியாயம்
சாகவிடாமல் வைத்திருந்தவர்.

தொடரை எடுத்தவர்கள் அவளுக்குப் பெயர்கூட வைக்கவில்லை.
பெயர் ஓடும் பட்டியலில் வெறும் 'சமையலறைப் பெண்'.
மரிட்டா என்பது ஈரவிறகு வைத்தது.
இடது கையால் வெங்காயம் அரிவாள்.
கப்பல் திரும்பும்போதெல்லாம்
குழம்புச் சட்டியை வயிற்றோடு அணைத்துக்கொள்வாள்.

வந்தால் வியாழன் வரும்.
டிப்போவில் கையுறையை ஹீட்டர்மேல் காயவைத்து
ஒற்றை விரலால் தள்ளித் தள்ளி வாசிப்பேன்.
என்ன பார்க்கிறாய் என்று ஹென்ரிக் கேட்டால்
ஹாக்கி ஸ்கோர் என்பேன்.

முதலில் பைத்தான் வேண்டும் என்றது குறிப்பு.
நிறுவினேன்.
கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டினால்
அப்படி ஒன்றை நான் அறியேன் என்றது கணினி,
கடன் வாங்கியவன் தெருவில் எதிர்ப்பட்ட முகத்தோடு.
நாற்பது நிமிடம் கழித்துத்தான் கண்ணில் பட்டது
நிறுவும் சன்னலின் அடியில் ஒரு சின்னப் பெட்டி:
'பாதையில் சேர்க்கவும்'.
நான் டிக் போடாமல் கடந்துபோன பெட்டி.
இருபது வருடம் பாதை திறந்துவிடுகிறவனுக்கு
அந்தச் சொல் தெரியவில்லை.

நீக்கினேன். மறுபடி நிறுவினேன்.

அடுத்து அமைப்புக் கோப்பு.
வயது வந்தவரா என்ற வரிக்கு நேரே
'இல்லை' என்று யாரோ முன்பே எழுதிவைத்திருந்தார்கள்.
நாற்பத்தெட்டு வயதில்
என் விரலாலேயே அதை அழித்து
'ஆம்' என்று போட்டேன்.
அடுத்த அறையில் யசோ புரண்டு படுத்தாள்.
அவளுக்கு நான் இரவில் வானிலை பார்க்கிறவன்.

ஒன்று முப்பத்தெட்டுக்கு ஓடத் தொடங்கியது.
ஒரு அத்தியாயம். நிறுத்தம். இன்னொன்று. நிறுத்தம்.
பரிமாறுகிறவர் தன் வரிசைக்கு வரும்வரை
இலை முன்னால் சும்மா இருக்கும் நாகரிகத்தை
இந்தக் கருவிக்கு யார் சொல்லிக்கொடுத்தது?
முப்பத்தேழில் சிக்கியது.
முப்பத்தேழு எனக்குத் தெரியும்.
மரிட்டா காய்ச்சலில் கிடப்பாள்,
கப்பல் முழுக்க டப்பா ரொட்டி தின்னும்.
வா என்றேன், சத்தமாகவே.
வந்தது.

அறுபத்திரண்டும் சேர்ந்து ஒன்றரை மெகாபைட்.
என் கைபேசியில் கிடக்கும்
ஒரு பனிக்குவியலின் படம் இதைவிடக் கனம்.

கடைசி அத்தியாயத்தில் உலை வைத்திருக்கிறாள்.
நீர் கொதிக்கவில்லை.
யாரோ கதவைத் தட்டுகிறார்கள்.
அவ்வளவுதான் இருக்கிறது.

பூட்ஸ் மாட்டும்போது நினைவு வந்து
முதல் பக்கத்தைத் திறந்து பார்த்தேன்.
கருவி தானாகவே எழுதியிருந்தது:
தலைப்பு, பெயர், சொற்கணக்கு,
அதன் கீழ்
நிலை: தொடர்கிறது.

திருத்தலாமா என்று ஒரு கணம்.
மணி இரண்டு ஐம்பது.
காரின் கம்பியைப் பிடுங்கப் போனேன்.