பாதி விலை

சீசனில் ஏழாயிரம். இப்போது மூவாயிரத்து ஐந்நூறு.
கல்லடியில் அறையைத் திறந்துவிட்ட மொறீன்
குரலைத் தாழ்த்தித்தான் விலை சொன்னாள்,
முன்னாலிருந்த கடலுக்குக் கேட்டுவிடும் என்பதுபோல.
முற்றத்தில் பிளாஸ்டிக் கதிரைகள்
ஒன்றன்மேல் ஒன்றாய் ஏறி நின்றன.
சாப்பாட்டுப் பலகையில் மழை அழிக்காமல் விட்டது
'நண்டு' என்ற சொல் மட்டும்.
"நண்டு இல்ல. முட்டை இருக்கு."
பின்கதவைத் திறந்து காட்டினாள்:
"இது ஆறு. பார்த்து இறங்குங்க,
ரெண்டு படிதான் மிச்சம்."

பண்டாரவளையிலிருந்து வந்திருந்தேன்,
ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் கணக்குப் பார்க்க.
கணக்கு முடிந்தது, பஸ் ஓடவில்லை.
மகா ஓயாப் பக்கம் தெருவின்மேல் தண்ணீராம்.
இப்படித்தான் நான் சுற்றுலாப் பயணியானேன்,
பச்சை மையும் ஒரு குடையும் கைவசம்.

கோட்டைக்குப் போனேன்.
அப்போது கச்சேரி கோட்டைக்குள்தான்.
பீரங்கியின் வாயில் மழைத்தண்ணீர்.
முதுகில், பத்து நிமிட வெயிலை நம்பி
யாரோ ஒரு கிளாக்கர் விரித்த மழைக்கோட்டு.
உள்ளே கூட்டம். ஒரு பக்க வாங்கில் வயல்காரர்,
எதிர்ப்பக்கம் தோணிக்காரர்.
ஆற்றுவாய் வெட்டுவதா, விடுவதா?
வெட்டினால் இறால் கடலோடு போகும்.
விட்டால் குடலைப் பயிர் தண்ணீருக்குள் அழுகும்.
பறங்கியர் தொடங்கி ஒல்லாந்தர் முடித்த சுவர்
நல்ல தடிப்பு.
ஆனாலும் சண்டை வெளியே தெளிவாகக் கேட்டது.
ஜன்னலடியில் நின்ற என்னை
ஒருவரும் விரட்டவில்லை.

"மெடம், மீன் பாடுற எடம் பாக்கவா?"
ஆட்டோவுக்குள்ளிருந்து நிஹ்மத்.
"இப்ப பாடுமா?"
"பாடாது. ஆனா எடம் இருக்கு."

பழைய பாலத்தின் கீழே
தோணியைக் கவிழ்த்துப்போட்டு
என்ஜினைக் கழற்றிக்கொண்டிருந்தார் கிருபைராசா.
கேட்டதற்காகத் துடுப்பொன்றை எடுத்து
ஒரு நுனியைத் தண்ணீரில் விட்டார்,
மறுநுனியை என் காதுக்குத் தந்தார்.
மழை. மரம். பாலத்தில் போன லொறி.
"ஒண்டும் கேக்கல்ல," என்றேன்.
"ஓம். நிலாக் காலத்தில வாறவங்க
கேளாட்டியும் கேட்டெண்டுதான் சொல்லுவாங்க.
காசு குடுத்த ஆக்கள்."
துடுப்பைத் துடைத்தார். "மறுகா,
நானும் ஓமெண்டுதான் சொல்லுவன்."

பின்னேரம் முகத்துவாரத்தில் ஊரே நின்றது.
கச்சான் காற்றுக்கு இன்னும் நாலைந்து மாதம் கிடக்கிறது,
கச்சான் விற்கிறவன் மட்டும் வந்துவிட்டான்.
மஞ்சள் பெக்கோ மண்ணை வாரி வாரி எறிந்தது.
முதலில் ஒரு சாண் வாய்க்கால்,
ஒரு பிள்ளை கால் அகட்டித் தாண்டியது.
பிறகு யாரும் தாண்டவில்லை.
இரண்டு கரையும் பாண் துண்டுபோல் பிய்ந்து விழ
பெக்கோக்காரன் பின்னுக்கு எடுத்தான், அவசரமாக.
தேநீர் நிறத்தில் ஆறு
கடலுக்குள் நெடுந்தூரம் தனியாகப் போயிற்று,
கலக்க மனமில்லாமல்.
கூட்டத்தில் கிருபைராசாவைக் கண்டேன்.
பக்கத்தில் நின்ற வயல்காரர்
முகம் பார்க்காமல் கச்சான் சரையை நீட்டினார்.
இவரும் முகம் பார்க்காமல்
இரண்டு எடுத்தார்.

இரவு முழுக்க ஒரு சத்தம்.
அது எந்தப் பக்கத்துச் சத்தம் என்று
படுத்துக்கொண்டு பிரிக்கப் பார்த்தேன்,
கணக்குப் பார்க்கிறவளின் பழக்கத்தில்.
வரவு எது, செலவு எது? சரிவரவில்லை.

காலையில் பின்கதவடியில் மொறீன்
விரல் நீட்டி எண்ணினாள்: "அஞ்சு படி."
ஐந்தாம் படியில், சேற்றுக்குள்,
சீசனில் வந்த யாருடையதோ
ஒற்றைச் செருப்பு, நீல வார்.
இறங்கி எடுத்தாள். குழாயடியில் கழுவினாள்.
வெயில் படும் பக்கம் பார்த்துச் சுவரில் சாத்தினாள்.
பிறகு எனக்குப் பற்றுச்சீட்டு எழுதப்
பேனை தேடினாள்.
என்னுடையதைக் கொடுத்தேன்.