மூடியில் எழுதிய பெயர்

காலை ஏழரைக்கு ஜன்னலைத் திறப்பேன்.
மன்சூராவின் வெயில் எனக்கு முன்பே வந்து
வரிசையில் நின்றிருக்கும்.
பிளாஸ்டிக் குப்பிகள், செய்தித்தாளில் சுற்றியவை,
ஒருமுறை அத்திப்பழப் படம் போட்ட ஜாம் பாட்டில்.
வேறெங்கோ பார்த்தபடி நீட்டுவார்கள்.
நான் மூடியை மட்டும் பார்ப்பேன்.

கையில் இருப்பது சிறுநீர்.
வெளியே வாய்க்காலில் ஓடுவது பெருநீர்.
நைல் கிளைத்துக் கிளைத்து வயலுக்குள் நுழையும் இடத்தில்
நத்தைகள் இருந்தன, நத்தைக்குள் புழு.
நாற்று நட இறங்கிய பையன்களின்
கெண்டைக்கால் வழியே ஏறி
மூத்திரப்பையில் முட்டையிட்டுத் தங்கிவிட்டது,
வாடகை தராமல், காலி செய்யாமல்.
அந்தப் பையன்களுக்கு இப்போது அறுபது வயது.

ஷஹாத்தா வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை.
மூன்று மாதமாக ரத்தம் போகிறது என்று சீட்டில் இருந்தது.
குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்றும் இருந்தது.
"குழாய் எதற்கு, இந்தக் குப்பி போதாதா?" என்றார்.
"முதலில் குப்பி என்ன சொல்கிறது, கேட்போம்."

குப்பி பேசுவது இப்படி:
ஒவ்வொரு செல்லுக்குள்ளும் நூல்கள், நூலுக்கு நுனி.
பிரியும்போதெல்லாம் நுனி தேயும்.
தேய்ந்து முடிந்தால் செல் விடைபெறும்.
போக மனமில்லாத செல்
ஒரு நொதியை வேலைக்கு வைத்துக்கொள்கிறது.
அது இரவோடிரவாக
தேய்ந்த நுனிக்கு ஒட்டுப்போடும்.
அதன் கைவேலையைத்தான் தேடுகிறேன்,
கத்தியில்லாமல், குழாயில்லாமல்,
உடம்பு தானாக வெளியே விட்ட தண்ணீரில்.

இயந்திரம் சூடேறும், ஆறும், மறுபடி சூடேறும்.
திரையில் கோடு தரையோடு படுத்திருந்தால் நல்லது.
ஷஹாத்தாவின் கோடு
இருபத்தாறாவது சுற்றில் எழுந்து நின்றது.

ஆனால் நீர் தெளிவு.
பட்டையில் நிறம் மாறவேயில்லை.
ரத்தம் விட்டுவிட்டு வரும், தெரியும்.
ஆனாலும்
கூப்பிட்டேன்.
"ஷஹாத்தா, இது உங்களுடையதுதானா?"
மறுமுனையில் தண்ணீர் பம்பு ஓடியது.
பிறகு நின்றது.
"தம்பியுடையது. ரிஸ்க். அவனுக்கு ஒன்றுமில்லை,
காளை மாதிரி இருக்கிறான்.
அதனால்தான் அவனிடம் கேட்டேன்."

இருபத்திரண்டு வருடமாகத் திட்டிப் பழகியவள் நான்.
ஒரு வார்த்தை வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் வந்தார்கள், ஒரே மோட்டார் சைக்கிளில்.
ரிஸ்க் சிரித்தபடி உள்ளே வந்தார்,
தோளில் இன்னும் நெல் உமி.
"அண்ணன் ஒரு குப்பி கேட்டார், கொடுத்தேன்.
அது ஒரு குற்றமா?"
கோடு தீர்ப்பு இல்லை என்றேன்.
புண் இருந்தாலும் எழும்.
கல் இருந்தாலும் சிலசமயம் எழும்.
நோய் இருந்தும் எழாமல்
என்னை ஏமாற்றிய நாட்களும் உண்டு.
உள்ளே பார்த்தால்தான் தெரியும்.
சிரிப்பு அவர் முகத்தில் அப்படியே நின்றது,
இறங்க வழி தெரியாமல்.

ஷஹாத்தா கழிப்பறைக்குப் போய் வந்தார்.
இம்முறை அவருடையதே:
செம்பருத்தித் தேநீரின் நிறம், இன்னும் கதகதப்பாக.
மேசையில் வைத்துவிட்டுத் தம்பியைப் பார்க்கவில்லை.

மாடியில் குழாய் அறை.
மூன்று மாதம் அதற்குப் பயந்து ஓடிய மனிதர்
நர்ஸிடம் சொன்னது படிக்கட்டுவரை கேட்டது:
"முதலில் எனக்கு விடுங்கள்.
வலிக்கிறதா இல்லையா என்று
நான் வந்து அவனிடம் சொல்கிறேன்."

அடுத்த குப்பி வந்தது.
நீட்டிய கையைப் பிடித்து நிறுத்தி, முகத்தைப் பார்த்தேன்.
பெயர் கேட்டேன்.
மூடியில் நானே எழுதினேன்.