கபில்

கொளத்தூரிலிருந்து வரும்போது
என் சுட்டுவிரல் நீளம்தான்.
ஆக்சிஜன் ஊதிக் கட்டிய கவரை
ஆம்னி பஸ்ஸில் மடியிலேயே வைத்து
ராத்திரி முழுக்கத் தூங்காமல் கொண்டுவந்தார் சீனி அசன்.
“மீசையைப் பாரேன்” என்றார்.
நாற்பது நாள் லீவில்
பத்து நாள் அந்த மீசையைப் பார்த்தே போனது.

அவர் சார்ஜாவுக்கு ஏறிய வெள்ளிக்கிழமை
கறுப்பு ஏஞ்சல் ஒன்றைக் காணவில்லை.
பில்டருக்குப் பின்னால் தேடினேன்,
சோபாவுக்கு அடியிலும்.
அடுத்த வாரம் தங்கமீன் இரண்டு.
பிறகு நான் தேடவில்லை.
வெள்ளை வயிறு உப்பிக் கிடக்க
கூழாங்கல் மேல் படுத்துக்கொண்டு
இமையில்லாத கண்ணால் பார்க்கிறது.
கேட்டால் ஒன்றும் தெரியாதாம்.

கபில் என்று பெயர் வைத்தவள் நான்தான்.
வேலை கிடையாது, மீசை உண்டு,
வாங்கி உள்ளே வைத்ததைத் திருப்பித் தரும் வழக்கமில்லை.
அவருடைய பாஸ்போர்ட்
அங்கே ஒரு கபிலின் இரும்பு அலமாரியில் இருக்கிறது.

கீழக்கரையில் கடலுக்குப் பஞ்சமில்லை.
மாடியில் நின்றால் தெற்கு முழுக்க அதுதான்.
குழாயைத் திறந்தாலும் பாதிக் கடல்.
நல்ல தண்ணீர் லாரியில் வருகிறது, வாரம் ஒரு தடவை,
வாங்குவது ஆயிரம் லிட்டர்.
நானூறு எனக்கும் மகளுக்கும்,
அறுநூறு அதற்கு.
உப்பு பட்டால் செத்துப்போகுமாம்.
நான் உவரில்தான் குளிக்கிறேன்,
முடி தேங்காய்க் கயிறாகிவிட்டது,
செத்தா போனேன்?

மீன்கார முனீஸ்வரி
சூடையை நிறுத்துப் போட்டுவிட்டுச் சிரிப்பாள்:
“கடலு மீனத் தின்னு ஆத்து மீனு வளருது,
நீங்க ஏன் தாயி எளச்சுக்கிட்டே போறீக?”

மூன்றடி ஆனபோது
தொட்டிக்குள் திரும்ப முடியாமல்
வளைந்து வளைந்து திரும்பியது.
சிவப்பு வால் கண்ணாடியில் உரசி நுனி வெளுத்தது.
ஊருணியில் விடலாமென்றான் கொழுந்தன்.
விட்டால் ஊருணியில் மிச்சம் ஒன்றும் இருக்காது.
கடலில் விட்டால் கடல் அதை மிச்சம் வைக்காது.
குழம்பு வைக்கலாமென்றார் மாமி,
மசாலா கணக்கும் அவரே போட்டார்.
மகள் அன்றைக்குச் சோறு தின்னவில்லை.

ஐப்பசிப் புயலில் இரண்டு ராத்திரி கரண்ட் இல்லை.
மோட்டார் நின்ற வீடு அவ்வளவு அமைதி
என்று அன்றுதான் தெரிந்தது.
மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது.
மெழுகுவர்த்தியை ஜன்னலில் ஒட்டிவிட்டு
சொம்பால் மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினேன்.
மூன்று மணி இருக்கும்,
அசந்து கை தண்ணீரில் தொங்கியிருக்கிறது.
மணிக்கட்டு வரை கவ்விக்கொண்டது.
உப்புத்தாள் போன்ற வாய்.
இழுக்கவில்லை நான்.
கொஞ்ச நேரம் யோசித்தது,
விட்டுவிட்டது.
அது திருப்பிக் கொடுத்த ஒரே பொருள் என் கை.
வளையல் மாதிரி ஒரு சிவப்புத் தடம்
நாலு நாள் இருந்தது.
அவரிடம் சொல்லவில்லை.

வீடியோவில் வந்தால் முதலில் மீனைக் காட்டச் சொல்வார்.
கண்ணாடியில் போனை வைத்துப் பிடிப்பேன்.
இருவரும் பார்த்துக்கொள்வார்கள்.
“எப்ப வர்றீக?”
“கபில் விடலியே.”
மகள் தொட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.
“எட்டடித் தொட்டி சொல்லிரு, காசு அனுப்புறேன்.”
ஹாலை டேப் வைத்து அளந்தேன்.
எட்டடி போட்டால் கதவு பாதிதான் திறக்கும்.
தொட்டி விலையைச் சம்பளத்தால் வகுத்தேன்,
ஏழு மாசம் வந்தது.
மறுபடி வகுத்தேன்,
அதே ஏழு.

இன்று லாரி ஹார்ன் அடித்தது.
டியூப்பைத் தொட்டிக்குத் திருப்பும் முன்
இரண்டு குடம் தனியாகப் பிடித்தேன்,
பிறகு இன்னும் இரண்டு.
சீயக்காய் கரைத்து
நல்ல தண்ணீரில் நிதானமாக
தலை முழுகினேன்.
நுரை நின்றது, எத்தனை வருஷம் கழித்து.
ஈரத்தோடு ஹாலுக்கு வந்தபோது
மீசை ஆறும் என் பக்கம் நீட்டி
அசையாமல் நின்றிருந்தது,
எதையோ மோப்பம் பிடித்த மாதிரி.