உறையின் பின்பக்கம்

கேஸ் பில் வந்த உறையைப் பிரித்து
உள்பக்கம் வெளியே வரும்படி மடித்து
கணக்கு எழுதுகிறாள் நெரிஸ்.
ஹாவர்ஃபோர்ட்வெஸ்டில் மூன்றாம் நாளாக மழை.

தீனி, மாதம் முப்பது பவுண்ட்.
ஏழு கிலோ டெரியர், என்னத்தைத் தின்றுவிடும்?
"என் சோபாவைத் தின்றது" என்றிருந்தார் தபால்கார ஹியூ.
தடுப்பூசி. உண்ணி மருந்து. காப்பீடு.
முடியை வெட்டக் கூடாதாம், கையால் பிடுங்க வேண்டுமாம்,
அதற்கு நாற்பத்தைந்து.
என் தலைக்கே பன்னிரண்டுதான்
என்று முணுமுணுத்தவள்
அடித்தது அந்தப் பன்னிரண்டை.

எப்படியோ தேறியது.
பதினைந்து வருஷம் இருக்கும் என்றார்கள்,
பதினைந்தால் பெருக்கினாள்.
சும்மா கிடக்காத பேனா
அறுபத்தெட்டோடும் பதினைந்தைக் கூட்டியது.

கெட்டில் கொதித்து அணைந்து
வெகுநேரம் ஆகியிருந்தது.

சனிக்கிழமை, காப்பகத்தில்
குட்டிகளின் கூண்டைத் தாண்டி நடந்தாள்.
கடைசியில் ஒன்று. பத்து வயது,
நாலு பல் போனது,
எந்தக் கம்பெனியும் காப்பீடு தராதது.
அவள் ஷூ லேஸை முகர்ந்து
தும்மியது.

உறையில் இடமில்லை.
பல் வைத்தியத்துக்கு அவர்கள் சொன்ன தொகையை
உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள்.
பஸ்ஸில் வரும்போதே
நக்கி அழித்துவிட்டது.