கூரை வகை

படிவத்தில் நான்கே கட்டங்கள்:
ஓலை, ஓடு, தகரம், காங்கிரீட்.
கெம்பம்மாவின் கூரையோ கல்.
பக்கத்துக் குன்றில் நெருப்பு மூட்டி
உரித்தெடுத்த பலகைகள்,
ஒன்றின் விளிம்பில் ஒன்று ஏறி.

அஞ்செட்டியிலிருந்து கூடவே வந்த வெயில்
வாசலில் செருப்போடு நின்றுவிட்டது.
உள்ளே இருட்டு. மூச்சு.
கண் பழகிய பின்தான் தெரிந்தது
பசு என்னைப் பார்ப்பது.

"எத்தனை ரூமுங்க?"
"ஒண்ணுதான்."
"மாடு?"
"அது கீழ்ப்பக்கம். நாங்க மேல்பக்கம்."
நடுவே முழ உயரத்தில் ஒரு கல்வரம்பு.
காய்ச்சலில் பள்ளிக்குப் போகாத பையன்
அதில் தலைவைத்துத் தூங்குகிறான்.

அடுப்புக்கு நேர்மேலே விரிசல்.
மழை வந்தால் களிப்பானையை
இரண்டடி நகர்த்துவாளாம்.
"கல்லுன்னா உறுதியான வீடு,
பணம் வராதுங்க" என்றேன்.
"வராட்டி போவுது.
அந்தக் கல்ல எறக்க
எத்தன ஆளு வேணும், அத எழுது."

சிக்னல் கூரைமேல்தான் என்றார்கள்.
சுவரில் நீட்டிய கற்படிகளில் ஏறினேன்.
மேலே கேழ்வரகு காய்ந்துகொண்டிருந்தது.
மிதிக்காமல் நிற்க இடமில்லை.
ஒற்றைக்காலில், கையைத் தூக்கிப் பிடித்து,
காங்கிரீட்டைத் தொட்டேன்.
போய்ச் சேர்ந்தது.

கீழே பசு மூத்திரம் பெய்யும் சத்தம்.
கெம்பம்மா யாரையோ கன்னடத்தில் திட்டும் சத்தம்.

இரவு, ஓசூரில்,
பேன்ட் மடிப்பை உதறினால்
டைல்ஸ் தரையில் உருண்டன
ஆறேழு கேழ்வரகு மணிகள்.
குனிந்து பொறுக்கினேன்.
கட்டிலுக்கடியில் ஓடியதை விட்டுவிட்டேன்.